பக்கவாதத்துக்குப் பிறகு நடை: வேகத்தையும் ஏன் கணக்கில் எடுக்க வேண்டும்?

பக்கவாதம் வந்தவரின் உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இனி நடப்பாரா?" என்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு நல்ல பதிலே கிடைக்கிறது. 1995-இல் வெளியான கோபன்ஹேகன் பக்கவாத ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தபோது சுமார் பாதிப் பேரால் ஓரடி கூட நடக்க முடியவில்லை. மறுவாழ்வுச் சிகிச்சை முடிந்தபோது, உயிர் பிழைத்தவர்களில் 64 சதவீதம் பேர் யார் துணையும் இல்லாமல் நடந்தார்கள்.

அத்தோடு கேள்வி முடிந்துவிட்டதாகப் பலரும் நினைத்துவிடுகிறோம். "நடக்கிறார்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ நிலைகள் இருக்கின்றன. கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவரும் நடக்கிறார், பேருந்து நிறுத்தம் வரை போய் ஏறி இறங்குகிறவரும் நடக்கிறார். ஆனால் இருவருடைய வாழ்க்கையும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தை அளந்து சொல்லக்கூடிய மிக எளிய எண் நடை வேகம்.

உடல்நலத்தில் குறையில்லாத பெரியவர் ஒருவர் இயல்பாக நடந்தால் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் போவார். கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் நடை பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற டாக்டர் ஜாக்குலின் பெர்ரியும் அவரது குழுவும் 1995-இல் பக்கவாத நோயாளிகளின் வேகத்தையும் அன்றாட நடமாட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே இருப்பவர்களின் நடை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 0.4 முதல் 0.8 வரை இருப்பவர்கள் வெளியே போகிறார்கள், ஆனால் ஓர் எல்லைக்குள்தான். 0.8-ஐத் தாண்டியவர்கள் ஏறக்குறைய நினைத்த இடத்துக்குப் போய் வருகிறார்கள். இன்றும் பிசியோதெரபிஸ்டுகள் இந்த மூன்று படிகளைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

10 மீட்டர் அகலச் சாலையை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் அதைக் கடக்க 25 நொடி ஆகும். 0.8 என்றால் பன்னிரண்டரை நொடி போதும். பாதசாரி சிக்னலின் பச்சை விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று கணக்கிட, நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று பல நாடுகளில் வைத்துக்கொண்டார்கள். மெதுவாக நடப்பவர் பாதிச் சாலையில் நிற்கும்போது வண்டிகள் கிளம்பிவிடும். அந்தப் பயம் ஒருமுறை வந்தால் போதும், அவர் வெளியே போவதையே விட்டுவிடுவார். வெளியே போகாவிட்டால் கால் இன்னும் தளரும், வேகம் இன்னும் குறையும்.

வீட்டிலேயே அளக்கலாம்

சமதளத்தில் 10 மீட்டர் நீளமுள்ள நேர்வழி ஒன்று வேண்டும். முதல் 2 மீட்டரையும் கடைசி 2 மீட்டரையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள 6 மீட்டரைத் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது வேகம் பிடிக்கவும் நிற்கும்போது வேகம் குறையவும் நேரம் ஆகும் என்பதால்தான் இரு முனைகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை. கைத்தடியோ, கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளின்டோ வழக்கமாகப் பயன்படுத்தினால் அதோடு நடக்கட்டும். ஒருவர் பலவீனமான பக்கம் சற்றுப் பின்னால் கூடவே போக வேண்டும், ஆனால் முன்னால் போய் வழிநடத்தக் கூடாது. கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சே போதும். 6 மீட்டருக்கு 15 நொடி என்றால் வேகம் 0.4. 10 நொடி என்றால் 0.6. ஏழரை நொடி என்றால் 0.8.

இரண்டு விதமாக அளப்பது நல்லது. முதலில் "வழக்கம்போல நடங்க" என்று சொல்லி ஒருமுறை, பிறகு "பத்திரமா, ஆனா முடிஞ்ச அளவு வேகமா நடங்க" என்று சொல்லி ஒருமுறை. இரண்டுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருந்தால், உடலில் இன்னும் பயன்படுத்தாத திறன் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வித்தியாசமே இல்லையென்றால், அன்றாட நடைக்கே அவர் தன் முழுத் திறனையும் செலவழிக்கிறார். அப்படிப்பட்டவர் சீக்கிரம் களைத்துப்போவதில் ஆச்சரியமில்லை.

ஒவ்வொரு நாளும் அளந்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தூக்கம் குறைந்தால்கூட எண் மாறும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதே இடம், அதே செருப்பு அல்லது ஷூ, ஏறக்குறைய அதே நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். பக்கவாதத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு மாதங்களில் நொடிக்கு 0.16 மீட்டர் கூடினால் அது அன்றாட வாழ்க்கையில் தெரியக்கூடிய முன்னேற்றம் என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் 0.3-இல் இருப்பவருக்கு அது தன் வேகத்தில் பாதியைக் கூடுதலாகப் பெறுவது.

கால் ஏன் மெதுவாகிறது?

பார்ப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது பாதம்தான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் தசை பலவீனமாகிவிட்டால், காலைத் தூக்கும்போது பாதம் மேலே மடங்காமல் தொங்கும். விரல் நுனி தரையில் உரசும். அது தடுக்காமலிருக்க உடல் தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. சிலர் இடுப்பைத் தூக்கிக் காலை எடுக்கிறார்கள். சிலர் காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் வீசி வைக்கிறார்கள். இன்னும் சிலருக்குத் தொடையின் முன்தசை இறுகி, மடங்க வேண்டிய நேரத்தில் முழங்கால் மடங்காது. கால் கம்புபோல நேராகவே முன்னே வரும். அப்புறம் அந்தக் காலில் எடையைப் போட்டதும் முழங்கால் பின்பக்கம் வளைந்து பூட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் மூட்டு வலி நிச்சயம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் சிகிச்சையின் கவனமும் பெரும்பாலும் காலை முன்னே கொண்டுவருவதிலேயே இருக்கிறது. ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்தக் கால் பின்னால் இருக்கும்போது நடக்கும் வேலைக்கு. குதிகால் தரையை விட்டு எழும் அந்தக் கணத்தில், கெண்டைக்கால் தசை பாதத்தால் தரையைப் பின்னோக்கி உந்துகிறது. உடலை முன்னே தள்ளும் விசையின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பக்கவாதம் வந்த காலில் இந்த உந்துதல் வெகுவாகக் குறைந்துவிடும். சைக்கிளின் ஒரு பெடலை மட்டும் மிதித்து ஓட்டுவதுபோல, நல்ல கால் ஒன்றே உடல் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது.

உந்துவதற்கு அந்தக் கால் முதலில் உடலுக்குப் பின்னால் போக வேண்டும். பலவீனமான காலில் அதிக நேரம் எடையைத் தாங்கப் பயமிருந்தால், நல்ல காலை அவசரமாக முன்னே எடுத்துச் சற்றுத் தூரத்திலேயே வைத்துவிடுவார்கள். அதனால் பலவீனமான கால் உடலுக்குப் பின்னால் போகவே வாய்ப்பில்லை. நல்ல கால் எடுத்துவைக்கும் அடி சிறியதாக இருந்தால், நோயை நல்ல காலில் தேடாதீர்கள். மற்றக் கால் எடையைத் தாங்கும் நேரம்தான் போதவில்லை. பயிற்சியில் "நல்ல காலால பெரிய அடி வைங்க" என்று சொல்வது பலவீனமான காலுக்குக் கொடுக்கும் வேலைதான். இதை வீட்டார் புரிந்துகொண்டால் பயிற்சியின் பாதி அர்த்தம் விளங்கிவிடும்.

இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத காரணங்களும் உண்டு. பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வு போயிருக்கலாம். ஒரு பக்கத்தில் உள்ளதை மூளை கவனிக்காமல் விடலாம். படுத்தே கிடந்த வாரங்களில் இதயமும் நுரையீரலும் தங்கள் திறனை இழந்திருக்கும். ஒரே தூரத்தை நடக்க இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக ஆற்றல் செலவாகிறது, ஆனால் செலவழிக்கக் கையிருப்பில் இருக்கும் ஆற்றலோ குறைவு. வேகம் குறைவதற்கு இந்தக் கணக்கும் ஒரு பெரிய காரணம். காலைப் பற்றியே யோசித்துக்கொண்டு மூச்சை மறந்துவிடுகிறோம்.

முதலில் அழகா, முதலில் நடையா?

மறுவாழ்வுச் சிகிச்சையில் நீண்டகாலமாக இருக்கும் ஒரு கருத்து வேறுபாடு இது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்டா போபாத், கரேல் போபாத் தம்பதி உருவாக்கிய முறை உலகம் முழுவதும் பரவியது. தவறான அசைவைப் பழகவிட்டால் அது நிலைத்துவிடும், தசை இறுக்கம் கூடிவிடும், அதனால் முதலில் அசைவின் தரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பது அந்த வழியில் வந்த பலருடைய எண்ணம். பக்கவாத நோயாளிகளின் அசைவுகளைக் கூர்ந்து கவனிக்கக் கற்றுக்கொடுத்ததில் அந்த மரபுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நடை வேகம், நடக்கும் தூரம் ஆகியவற்றில் அது மற்ற முறைகளைவிடச் சிறந்தது என்று ஒப்பீட்டு ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை.

எதிர்ப்பக்கம் சேர்ந்த ஆதாரங்களோ வலுவானவை. ஜெர்மனியில் போல் என்பவரின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரெட்மில்லின் வேகத்தைப் படிப்படியாக, தாங்கக்கூடிய உச்சம் வரை ஏற்றிப் பயிற்சி பெற்றவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் ஏற்றியவர்களையும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களையும்விட வேகமாக நடந்தார்கள். லமான்டேனும் ஃபங்கும் 2004-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். நோயாளிகளைத் தங்களால் முடிந்த அளவு வேகமாக நடக்கச் சொன்னபோது, நடையின் வடிவம் கெடவில்லை. மூட்டுகளின் அசைவும் தசைகளின் வேலையும் மேம்பட்டன. அழகு வந்தால்தான் வேகம் வரும் என்ற வரிசையைத் திருப்பிப்போடும் முடிவு இது. மெதுவாக நடக்கும்போது தேவைப்படாத உந்துதல் வேகமாக நடக்கும்போது தேவைப்படுகிறது, கால் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கேட்டால்தான் தசை கொடுக்கும்.

அப்புறம், எத்தனை அடி? 2009-இல் கேத்தரின் லாங்கும் சக ஆய்வாளர்களும் 7 மையங்களில் 312 சிகிச்சை அமர்வுகளை நேரில் உட்கார்ந்து எண்ணினார்கள். நடைப் பயிற்சி நடந்த அமர்வுகளில் நோயாளி வைத்த அடிகளின் சராசரி 357 மட்டுமே. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் நரம்பு மண்டலம் நடையைத் திரும்பக் கற்க ஓர் அமர்வுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் தேவைப்பட்டன. மூளையில் சேதமடைந்த வழிகளுக்குப் பதிலாக மற்ற வழிகள் வேலையை எடுத்துக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான் நடக்கிறது. படுக்கையில் படுத்தபடி காலை நீட்டி மடக்குவது எத்தனை நிமிடம் நடந்தாலும் அது நடையாகாது. சிகிச்சை நேரத்தின் பெரும்பகுதி படுக்கையிலேயே கழிகிறதென்றால், நடக்கக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவருக்கு அது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஜார்ஜ் ஹார்ன்பி தலைமையில் 2020-இல் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பக்கவாதம் வந்து 6 மாதம் கடந்து, நடக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு வேகத்தையும் தூரத்தையும் கூட்ட வேண்டுமென்றால், மிதமானது முதல் கடுமையானது வரையிலான தீவிரத்தில் நடைப் பயிற்சி தர வேண்டும் என்பது அதன் முதன்மைப் பரிந்துரை. தீவிரம் என்றால் அது இதயத் துடிப்பால் அளக்கப்படுவது. 60 வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அவருடைய உச்சத் துடிப்பு தோராயமாக 160. ஓய்வில் 70 துடித்தால் கையிருப்பு 90. அதில் 60 முதல் 80 சதவீதம் வரை போக வேண்டும் என்றால், நடக்கும்போது துடிப்பு 124 முதல் 142 வரை ஏற வேண்டும். வராந்தாவில் ஆற அமர நடக்கும் நடைக்கு அது ஏறாது.

இந்தக் கணக்கை யாரும் தாமாகப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு இதய நோயும் இருக்கும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களின் துடிப்பு எவ்வளவு உழைத்தாலும் அதிகம் ஏறாது, அவர்களுக்கு மேலே சொன்ன கணக்குச் செல்லாது. தீவிரப் பயிற்சிக்கு முன்பு இதயத்தைப் பரிசோதித்து, ரத்த அழுத்தத்துக்கு மேல் வரம்பு என்ன என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது கட்டாயம்.

அந்தப் பரிசோதனைகளோடு செய்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. பக்கவாதம் வந்து 6 மாதம் முதல் 5 வருடம் வரை ஆன 55 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று முறை, 45 நிமிடம், 12 வாரம். ஒரு குழு மிதமான வேகத்தில் தொடர்ந்து நடந்தது. மற்றக் குழு அரை நிமிடம் முடிந்த அளவு வேகமாக, பிறகு சற்று ஓய்வு, மறுபடி வேகம் என்று மாற்றி மாற்றி நடந்தது. முடிவில், 6 நிமிடத்தில் நடக்கும் தூரம் முதல் குழுவுக்குச் சராசரியாக 27 மீட்டரும் இரண்டாம் குழுவுக்கு 71 மீட்டரும் கூடியிருந்தது. 4 வாரத்தில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்று நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்தில் இந்த அவசரம் கூடாது. 2,104 பேரை வைத்து 2015-இல் முடிவு வெளியான அவெர்ட் ஆய்வில், முதல் நாளிலேயே அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடமாட வைத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 50 சதவீதம். மூளை முதல் அதிர்ச்சியில் இருக்கும் நேரத்தில் குறைந்த அளவில், சிறு சிறு இடைவெளிகளில் எழுப்புவதே நல்லது. எப்போது வேகத்தைக் கூட்டுவது என்பதைச் சிகிச்சைக் குழு முடிவு செய்யட்டும்.

இயந்திரம் இல்லையே என்ற கவலை

உடல் எடையைக் கயிற்றில் தாங்கி ட்ரெட்மில்லில் நடக்கவைக்கும் கருவிகள், காலைத் தானே நகர்த்தும் ரோபோக்கள் ஆகியவற்றின் படங்களைப் பார்த்துவிட்டு, "நம்மால் அந்த அளவுக்குச் செலவு செய்ய முடியவில்லையே" என்று குற்ற உணர்ச்சியில் வாடும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகவே லீப்ஸ் ஆய்வைச் சொல்ல வேண்டும். பமீலா டங்கன் தலைமையில் அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்து, 2011-இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்கு எடை தாங்கும் ட்ரெட்மில் பயிற்சி இரண்டாம் மாதத்தில், இன்னொரு பிரிவினருக்கு அதே பயிற்சி ஆறாம் மாதத்தில். மூன்றாம் பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து தசை வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி தந்தார். ஒரு வருட முடிவில் மூன்று பிரிவிலும் வேகம் நொடிக்கு 0.23 முதல் 0.25 மீட்டர் வரை கூடியிருந்தது. வித்தியாசம் இல்லை. மொத்தத்தில் 52 சதவீதம் பேர் நடமாட்டத்தில் ஒரு படி மேலே போயிருந்தார்கள். வீட்டில் பயிற்சி பெற்றவர்கள் எதையும் இழக்கவில்லை.

ரோபோக்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள், சொந்தமாக நடக்கவே முடியாமல் இருப்பவர்களுக்கு, பிசியோதெரபியோடு சேர்த்து இயந்திரப் பயிற்சியும் தந்தால் தனியே நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஏற்கெனவே நடக்கிறவருக்கு அதே ரோபோ வேலையைக் குறைத்துவிடுகிறது. தானே செய்ய வேண்டிய முயற்சியை இயந்திரம் செய்துவிட்டால் மூளை எதைக் கற்கும்? 2020 வழிகாட்டுதல், 6 மாதம் கடந்து நடக்கிறவர்களுக்கு வேகம் கூட்டுவதற்காக ரோபோவையும் எடை தாங்கும் ட்ரெட்மில்லையும் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. சாதாரண ட்ரெட்மில் வேறு விஷயம். தனியே நடக்கிறவர்களுக்கு அது வேகம் கூட்ட உதவுகிறது.

மாத்திரையைப் பற்றி இரண்டு வரி போதும். ஃப்ளூவாக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை கை கால் அசைவை மீட்க உதவும் என்று 2011-இல் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. 2018-இல் 3,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஃபோகஸ் ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுப்பது அவசியம். நடைக்காக மட்டும் அந்த மாத்திரை வேண்டியதில்லை.

வலு, இறுக்கம், துணைக்கருவி

பலவீனமான காலுக்கு வலுப் பயிற்சி தந்தால் தசை இறுக்கம் கூடிவிடும் என்ற பயம் பழையது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. உட்கார்ந்து எழுவது, தாழ்வான படியில் ஏறி இறங்குவது, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது ஆகிய மூன்றும் நடைக்குத் தேவையான தசைகளையே கேட்கின்றன. உட்கார்ந்து எழும்போது பலவீனமான பாதத்தைச் சற்றுப் பின்னே தள்ளி வைத்தால் அந்தக் காலுக்கு எடை கூடுதலாகப் போகும். இதைச் சொல்லித்தராவிட்டால் பெரும்பாலானவர்கள் நல்ல காலிலேயே எழுந்துவிடுவார்கள். ஆனால் வலு கூடியும் வேகம் கூடாத முடிவுகளும் ஆய்வுகளில் நிறைய வந்திருக்கின்றன. சேர்த்த வலுவை நடையில் பயன்படுத்திப் பழகினால்தான் அது நடைக்கு வரும்.

போட்டாக்ஸ் ஊசி கெண்டைக்கால் இறுக்கத்தைக் குறைக்கும், பாதம் உள்பக்கம் திரும்புவதைக் கட்டுப்படுத்தும், ஸ்பிளின்ட் போட வசதியாக்கும். வேகத்தில் அது தரும் ஏற்றம் சிறியதுதான். ஊசிக்குப் பிறகு வரும் சில மாதங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் வீண்.

தொங்கும் பாதத்துக்குக் கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளின்ட் போட்டால், சரியான அளவில் அமைந்தவருக்கு அன்றைக்கே வித்தியாசம் தெரியும். "அதைப் போட்டால் கால் சோம்பேறியாகிவிடும்" என்று சொல்லித் தள்ளிப்போடுவது எனக்கு ஏற்புடையதில்லை. விரல் தடுக்கி விழும் பயத்தோடு நூறு அடி நடப்பவர், ஸ்பிளின்டோடு ஐந்நூறு அடி நடந்தால் எது பயிற்சி? தோல் சிவந்து அரைமணி நேரம் கழித்தும் மாறாவிட்டால் அளவைத் திருத்த வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். காலின் நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பாதத்தைத் தூக்கவைக்கும் கருவி 1961-இலேயே லிபர்சனின் குழுவால் உருவாக்கப்பட்டது. இன்று அது கையடக்கமாக வருகிறது. வேகத்தைப் பொறுத்தவரை ஸ்பிளின்டுக்கும் அதற்கும் பெரிய ஏற்றத்தாழ்வு ஆய்வுகளில் தெரியவில்லை. விலையில்தான் வித்தியாசம் பெரிது.

கைத்தடியை நல்ல பக்கக் கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகை உயரத்துக்கு வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

காதில் சீரான தாளம் கேட்கும்போது அடிகள் அதனோடு ஒத்துப்போவதை மைக்கேல் தாட்டின் குழு 1997-இல் பக்கவாத நோயாளிகளிடம் காட்டியது. கைபேசியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்று இருந்தால் இதைச் செய்யலாம். முதலில் அவருடைய இயல்பான அடி எண்ணிக்கைக்கே தாளத்தை வைத்து, அது பழகியபின் மெல்லக் கூட்டுங்கள்.

விழுந்துவிடுவாரோ?

வேகத்தைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். 1995-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் 73 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது விழுந்திருந்தார்கள். பலவீனமான பக்கத்து எலும்பு தேய்ந்திருப்பதால் இடுப்பு எலும்பு முறிவும் அந்தப் பக்கமே அதிகம். அதனால் வேகப் பயிற்சி என்பது கைப்பிடியோ, இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடிக்க ஆளோ இருக்கும் இடத்தில் நடக்க வேண்டியது. மற்ற நேரங்களில் நிதானமாகவே நடக்கட்டும். இந்த இரண்டையும் பிரித்து வைத்தால் பயம் பாதி குறையும்.

வீட்டுக்குள் விழுவது பெரும்பாலும் திரும்பும்போதும் எழும்போதும் பேசிக்கொண்டே நடக்கும்போதும்தான். பேச ஆரம்பித்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் அடுத்த சில மாதங்களில் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். நடைக்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். ஆரம்பத்தில், நடக்கிறவரிடம் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பேசாதீர்கள். நடை உறுதியானபின், பேசிக்கொண்டே நடப்பதையும் கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு நடப்பதையும் பயிற்சியாகவே சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெளி உலகில் யாரும் மௌனமாக நேர்க்கோட்டில் நடப்பதில்லை. விழுந்தால் தரையிலிருந்து எழுவது எப்படி என்பதையும் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறையாவது பழகிவிடுங்கள்.

பக்கவாதம் இல்லாத கால் பலவீனம்

மேலே சொன்னவற்றை எல்லாக் கால் பலவீனத்துக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. வயதால் தசை கரைந்து மெதுவானவர்களுக்கு வலுப் பயிற்சியும் வேக நடையும் பெரும்பாலும் பொருந்தும். 34,485 முதியவர்களின் தரவைச் சேர்த்து 2011-இல் வந்த ஆய்வு, நடை வேகத்துக்கும் ஆயுளுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. கில்லன்-பாரே நோயிலிருந்து மீள்கிறவருக்குக் கதை வேறு. அங்கே சேதம் மூளைக்கு வெளியே உள்ள நரம்பில். நரம்பிழை அறுந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளர்கிறது. ஆரம்ப மாதங்களில் களைக்கக் களைக்கப் பயிற்சி செய்தால் தசை இன்னும் தளரலாம். இளம்பிள்ளைவாதம் வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புதிதாகப் பலவீனம் வருகிறவர்களும் அப்படித்தான், அடுத்த நாள்வரை நீடிக்கும் களைப்பு வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பார்க்கின்சன் நோயில் தசை வலு இருந்தும் அடி சிறுத்துவிடுகிறது. அவர்களுக்குத் தரையில் கோடுகளும் தாளமும் நல்ல துணை.

எந்தக் காரணம் என்று தெரியாமலே பயிற்சியைத் தொடங்குவது தவறு. காலையில் எழும்போது பாதம் மட்டும் தொங்கினால் முழங்காலுக்கு வெளிப்பக்க நரம்பு அழுந்தியிருக்கலாம், முதுகுத் தண்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். இரண்டு காலும் தளர்ந்து, சிறுநீர் கட்டுப்பாடும் போனால் அன்றே அவசரச் சிகிச்சை.

ஆறு மாதம் தாண்டிவிட்டால்

"ஆறு மாதத்துக்குள் வந்ததுதான் வரும்" என்ற பேச்சு இன்னும் பல வீடுகளில் நம்பிக்கையைக் கெடுக்கிறது. தானாகத் திரும்பும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நடப்பது உண்மை. ஆனால் 2023 ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த எல்லையைக் கடந்தவர்கள். சிலருக்குப் பக்கவாதம் வந்து வருடங்கள் ஆகியிருந்தன. பயிற்சி நின்றால் வேகம் மெல்லச் சரியும் என்பதும் அதே அளவு உண்மை. அதனால் சிகிச்சை முடிந்த பிறகும் மாதம் ஒருமுறை அந்த 6 மீட்டரை நடந்து நேரத்தைக் குறித்து வையுங்கள்.

சில வாரங்களாக எண் இறங்கிக்கொண்டே வந்தால் காரணம் தேட வேண்டும். மருந்தின் அளவு மாறியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், ஸ்பிளின்ட் தளர்ந்திருக்கலாம், மனம் சோர்ந்திருக்கலாம், மூட்டு வலியைச் சொல்லாமல் மறைக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். நடை சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ திடீரென்று மோசமானால், கூடவே முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ, அது இன்னொரு பக்கவாதமாக இருக்கக்கூடும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.